விண்கல் தண்ணீரும் எங்கள் வீட்டு டிரம்மும்

மண்ணூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் லாரி வரும். அன்று என் மனைவி வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்பும்போது ஒரே ஒரு வேலைதான் சொன்னாள்.

“ஹாரன் கேட்டதும் வாசல்ல போய் நில்லுங்க. வேற எதுவும் செய்ய வேணாம்.”

எதுவும் செய்யாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரகடத்தில் பிரேக் பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை எனக்கு. ஆனால் கொஞ்ச நாளாக மூளை முழுக்க விண்வெளி. பூமிக்குப் பக்கமாக வந்துபோகும் சில விண்கற்களின் களிமண்ணில் தண்ணீர் இருக்கிறது, அதைச் சூடாக்கி எடுத்தால் அங்கேயே ராக்கெட்டுக்கு எரிபொருள் செய்துகொள்ளலாம் என்று எங்கோ படித்துவிட்டேன். அதிலிருந்து கையில் கிடைத்தவர்களுக்கெல்லாம் பாடம். கேன்டீனில் என்னைக் கண்டால் தட்டோடு இடம் மாறுகிறார்கள்.

அன்று சிக்கியவர் மாடி வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம்.

“என்ன சார் சொல்லுதீய? தண்ணி எப்படி எரியும்?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல எழுந்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் சமையல் சோடாவைக் கலந்து, இரண்டு பென்சில்களை நிறுத்தி, பேட்டரியோடு இணைத்தேன். முனைகளில் குமிழிகள் கிளம்பின.

“இது ஹைட்ரஜன், அது ஆக்ஸிஜன். ரெண்டையும் குளிர வெச்சு டேங்க்ல அடைச்சா ராக்கெட் கிளம்பிடும்!”

அவர் டம்ளர் மேல் குனிந்தார். நானும் குனிந்தேன். வெளியே ஹாரன் அடித்தது. கன்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் அலறுகிற ஊர்; நாங்கள் நிமிரவே இல்லை.

மனைவி திரும்பியபோது தெருவில் எல்லா டிரம்மும் நிரம்பியிருந்தன, எங்கள் இரண்டு வீட்டைத் தவிர.

“இன்னாங்க, லாரி வர்லயா?”

“வந்துச்சு போல.”

டம்ளரை ஒருமுறை பார்த்தாள். குடத்தை என் கையில் கொடுத்தாள்.

நானும் மாடிக்காரரும் வீடு வீடாகப் போனோம். நடந்ததை அவர் முதல் வீட்டிலேயே சொல்லித் தொலைத்தார். மூன்றாவது வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் செய்தி போயிருந்தது. அங்கிருந்த அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டே, “இன்னா சார், வானத்துலேர்ந்து வர்ற லாரி லேட்டா?” என்றார். சிரித்து வைத்தேன். குடம் பாதிதானே நிரம்பியிருந்தது!

மத்தியானம் சாப்பிடும்போது மனைவியே பேச்செடுத்தாள்.

“அந்தக் கல்லுல நெசமாவே தண்ணி கீதா?”

“கீது.”

“உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?”

நான் படித்த எதிலும் அது இல்லை. தெரியாது என்றேன். சிரித்த சிரிப்பில் அவளுக்கு ரசம் புரையேறியது. தலையில் தட்டிவிட்டேன்.