சத்தம் வராத சாவி

முதலியார்பேட்டையில் என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டியவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒட்டிய ட்யூபை அவர் தண்ணீரில் முக்கிப் பார்க்கவில்லை. கன்னத்தோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, காற்று கசிகிறதா என்று பார்த்தார்.

என் தோள்பையில் என்ன என்று கேட்டார். கிளாரினெட் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா தேருக்கு எங்கள் கோயில் பேண்டில் நான்தான் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். ஒரு சுரம் மட்டும் சளி பிடித்தவன் பேச்சு மாதிரி அடைத்துக்கொண்டே வந்தது. எங்கோ காற்று ஒழுகுகிறது என்று புலம்பினேன். அவர் என்னை ஊதச் சொல்லி, துளைகளை மூடும் சாவிகளின் ஓரமாகக் கன்னத்தைக் கொண்டுபோனார்.

"பஞ்சர் இல்ல சார். இந்த மூடி சரியாத் தொறக்கல. காத்து எப்படி வெளிய போவும்? அடியில இன்னாது இது?"

"கார்க்குங்க. சாவி டக்குடக்குன்னு அடிச்சிது. நான்தான் தடிமனா ஒட்டினேன்."

"சத்தம் வரக்கூடாதுன்னு நீங்களே ஒட்டிட்டு, இப்ப சத்தம் வரலன்னா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பாட்டுக்கு பிளேடால் கார்க்கைப் பாதியாகச் சீவினார். சுரம் திறந்துகொண்டது. கூடவே பழைய 'டக்'கும் வந்துவிட்டது.

தேரன்று அந்தச் சுரத்தை நான் நீட்டியபோது, தெருவோரம் நின்ற அவர் கண்ணை மூடிக் கன்னத்தை என் பக்கம் திருப்பினார். சுரத்தைக் கேட்டாரா, 'டக்'கைக் கேட்டாரா, இல்லை, இன்னும் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தாரா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.