மங்காஃப் பஸ் ஆன்ட்டி

பானுமதி கனடாவில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதுகிறவர். அவர் ஆங்கிலம் பழகியதோ குவைத்தில், மங்காஃபிலிருந்து புறப்படும் ஒரு பள்ளிப் பேருந்தில்.

பட்டுக்கோட்டைக்காரர். ப்ளஸ் டூ வரை தமிழில் படித்தவர். கணவர் அருள்முருகன் குவைத்தில் எலெக்ட்ரீஷியன். 2002இல் பானுமதி ஓர் இந்தியப் பள்ளியில் பஸ் ஆன்ட்டியாகச் சேர்ந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்கி, சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. டிராஃபிக்கில் வண்டி நின்றால் சண்டைதான். அடக்க வழி தெரியாமல் ஒருநாள் கதை சொல்ல ஆரம்பித்தார்: ஏழு மாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடிக்குப் போகிற லிஃப்ட்.

தமிழ், மலையாளம், கொங்கணி என்று பிள்ளைகளின் வீட்டுமொழி பலவிதம். பொதுவாக இருந்தது ஆங்கிலம். பானுமதிக்கு அது தடுக்கியது.

“ஆன்ட்டி, ‘கோ’வுக்கு ‘கோட்’ இல்ல, ‘வென்ட்’,” என்பாள் நாலாம் வகுப்பு அகிலா.

“சரிம்மா, வென்ட். லிஃப்ட் மேல வென்ட்.”

யாரும் சிரிக்கவில்லை. மேலே என்ன ஆயிற்று என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். வீடு திரும்பும்போது, பெஷாவர்க்காரரான டிரைவர் குல் ஜமான் கண்ணாடியில் பார்த்து, “கஹானி கதம், பெஹன்?” என்பார்; கதை முடிந்ததா, சகோதரி என்று. கதை முடியவில்லை என்று பானுமதி தலையசைத்தால், ரவுண்டானாவை இன்னொரு சுற்று சுற்றுவார்.

அகிலா அந்தக் கதைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அவளுடைய அம்மா ஜெயமணி அதே பள்ளியில் ஆங்கில டீச்சர். நோட்டைப் பார்த்துவிட்டுப் பானுமதியைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றே பானுமதி நினைத்தார்.

“இதெல்லாம் நீங்க சொன்னதா?”

“ஆமா மிஸ். தப்புன்னா நிறுத்திடுறேன்.”

“நிறுத்தாதீங்க. நீங்களே எழுதுங்க, நான் பாத்துத் தர்றேன்.”

பானுமதி எழுதினார். ஜெயமணி சிவப்பு மையில் திருத்தினார். வருஷம் போகப்போகச் சிவப்பு குறைந்தது.

2006இல் குடும்பம் கனடாவுக்குப் போனது. ப்ராம்ப்டனில் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் பானுமதிக்குப் பேக்கிங் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் நூலகம். அனுப்பிய கதைகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டாவதை ஒரு சிறு பத்திரிகை வெளியிட்டது. மங்காஃப் பெண்களைப் பற்றிய அவருடைய முதல் தொகுப்பு 2009இல் வந்தது.

நன்றிப் பக்கத்தில் ஜெயமணி, குல் ஜமான் பெயர்களோடு, பேருந்தில் வந்த முப்பத்தோரு பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிக் கொடுத்திருந்தார். கொஞ்சம் குறைக்கலாமா என்று பதிப்பாளர் கேட்டார். இவர்கள் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை, ஒரு பெயரைக்கூட எடுக்க மாட்டேன் என்றுவிட்டார் பானுமதி.

புத்தகம் வந்த வாரம் அருள்முருகன் கடைக்குப் போய் ஒரு பிரதி வாங்கி வந்தார்.

“வீட்லயே பத்து இருக்கேங்க, எதுக்கு இது?”

“கடையில அடுக்கி வச்சிருந்தான். பாத்துட்டு சும்மா வர முடியல.”