இரண்டாவது பக்கத்தை யார் அனுப்பியது?

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் ஒரு பெண் தலைவிரித்து ஆடத் தொடங்கினால் எல்லோரும் சேர்ச் பாதரைக் கூப்பிட ஓடுவார்கள், நான் மட்டும் முதலில் டொக்டரிடம் கொண்டுபோங்கள் என்பேன். இப்போதும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. நடந்ததைச் சொல்கிறேன், மிச்சம் உங்கள் பாடு.

யுத்தம் மறுபடி மும்முரமாகிக்கொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் காலி வீதியோடு ஒட்டிய ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கோல், ஃபொட்டோக் கொப்பி, ஈமெயில், ஃபக்ஸ் எல்லாம் அங்கே உண்டு. முதலாளி சிவநாதன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் கடைக்குள் புதிதாக யார் வந்தாலும் மேலும் கீழும் ஒரு தரம் பார்ப்பார். அப்போது எல்லோரும் எல்லோரையும் அப்படித்தானே பார்த்தோம். எதிர்க்கடையில் வெற்றிலை வாங்குகிறவன் வெற்றிலைக்குத்தான் வந்தானா என்று யோசிக்கிற காலம்.

ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு மகேஸ்வரி அன்ரி வந்தார். பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தவர், முகம் தெரியும். அவருக்கு இரண்டு மகன்மார். மூத்தவன் சுதனைப் பாமன்கடைச் சந்தியில் வைத்து யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லை. இளையவன் கபிலன் இங்கிலாந்தில் அகதி வழக்குத் தோற்றுத் தடுப்பு மறியலில் இருந்தான், அடுத்த நாள் விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பப்போகிறார்கள். மூத்தவனுக்கு நடந்ததை அம்மா ஒரு வாக்குமூலமாக உடனே ஃபக்ஸில் அனுப்பினால் நிறுத்திப் பார்க்கலாம் என்று அங்குள்ள வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் ஒரு கிளார்க்கைப் பிடித்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்து, சீடியில் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் ஃபக்ஸ் மெஷினில் உள்ளே வருவது ஒழுங்காக வரும், வெளிநாட்டுக்கு அனுப்பினால் பாதியில் அறுந்துவிடும். அதனால் ஈமெயிலை ஃபக்ஸாக மாற்றி அனுப்புகிற ஒரு சேவையை வைத்திருந்தோம். அது ஒரு சீண்டல் பிடித்த சாமான். வேர்ட் ஃபைலை இணைத்து அனுப்பினேன், செய்தியின் வடிவம் சரியில்லை என்று திரும்பி வந்தது. எழுத்தைக் கொப்பி பண்ணி ஈமெயிலுக்குள்ளேயே ஒட்டினேன், அதுவும் திரும்பியது. ஒட்டும்போது தடித்த எழுத்து, கோடு, நிறம் எல்லாம் கூடவே வந்துவிடும், அதுதான் பிழை என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கழற்றி, வெறும் எழுத்து மட்டும் போகிற மாதிரி மாற்றி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டது. இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், அந்த வழியில் படம் போகாது, கையெழுத்துப் போகாது, தமிழ் எழுத்துக்கூடப் போகாது. போனால் வெறும் கேள்விக்குறிகள்தான் போய்ச் சேரும்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கோல் வந்தது. வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை செய்கிற தமிழ்ப் பெண். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, ரெண்டு பக்கம் வந்திருக்கு. முதல் பக்கத்தில மூத்த மகனைக் காணேல்ல எண்டு இருக்கு. ரெண்டாம் பக்கத்தில அவரே கையெழுத்து வச்சிருக்கிறார். எது உண்மை? இதைக் கோர்ட்டில குடுத்தா நீங்கள் பொய் சொல்லுறீங்கள் எண்டுதான் சொல்லுவினம்."

சிவநாதன் அண்ணன் என்னைத்தான் பார்த்தார்.

"ரீட்டா, நீர் என்ன அனுப்பினனீர்?"

"ஒரு பக்கம்தான் அண்ணன். வந்து பாருங்கோ."

அனுப்பிய மெயிலைத் திறந்து காட்டினேன். ஒரு பக்கம், வெறும் எழுத்து. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கே வரவில்லை, நம்பினால் நம்புங்கள், என்னை நானே சந்தேகப்பட்டேன். அதே மெயிலை எங்கள் கடை ஃபக்ஸ் நம்பருக்கே அனுப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் வந்தது. இன்னொரு தரம் அனுப்பினேன். அப்போதும் ஒன்றுதான்.

அந்தப் பெண்ணிடம், வந்த இரண்டாம் பக்கத்தை எங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன். மெஷின் இழுத்து இழுத்துத் தள்ளியது. தமிழில், கையால் எழுதிய இரண்டே வரி. "தம்பி இஞ்ச வரக்கூடாது. அம்மா தனிய இருந்தாலும் பரவாயில்லை." கீழே சுதன் என்று ஒரு கையெழுத்து.

அன்ரி அழுவார் என்றுதான் நினைத்தேன். அழவில்லை. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது, கள்ளனைப் பிடித்தவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"இது அவன்ர எழுத்துத்தான். பிள்ளை, உமக்கு இது எங்கால கிடைச்சது? நீர் ஆரின்ர ஆள்?"

"அன்ரி, மாதா சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது."

"அவனை வச்சிருக்கிற ஆக்களை உமக்குத் தெரியுமோ? தெரிஞ்சாச் சொல்லும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

சிவநாதன் அண்ணன் கடைக் கதவைப் பாதி சாத்தினார். அவருக்கு அவர் பயம். இவர் மகனைத் தேடுகிற தாயா, அல்லது எங்களை மாட்டிவிட யாராவது அனுப்பிய ஆளா என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

பிறகுதான் அந்தத் தாளின் உச்சியைக் கவனித்தேன். ஃபக்ஸ் எங்கேயிருந்து புறப்பட்டதோ அந்த நம்பர் மேலே சின்னதாக விழும். அந்தச் சேவை அனுப்பினால் எப்போதும் ஒரு வெளிநாட்டு நம்பர்தான் விழும், அதைத் தினமும் பார்க்கிறவள் நான். இங்கிலாந்து அலுவலகம் திருப்பி அனுப்பிய வரிக்குக் கீழே, முதலில் விழுந்த நம்பர் கொழும்பு நம்பராக இருந்தது.

"அடிச்சுப் பார்க்கட்டா அண்ணன்?"

"வேண்டாம். ஆர் எடுக்கிறானோ தெரியாது. வீண் சோலி."

அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடியும் பிள்ளை."

அடித்தேன். ஸ்பீக்கரில் போடாமல் ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரை வெறுமை. ஒரு தரம் மணி அடித்ததும் எடுத்தார்கள். நான் "ஹலோ" என்று மட்டும் சொன்னேன், வேறொரு சொல்லும் பேசவில்லை.

இளம் பெடியன் குரல். அவசரமில்லாமல், பழகிய ஆளிடம் சொல்வது போலச் சொன்னான். "அம்மா காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்ல. ஏதும் வாங்கிக் குடுங்கோ."

அவ்வளவுதான், அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் அப்படியொரு நம்பர் பாவனையில் இல்லை என்று சிங்களத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. அன்ரி அடித்தார், அண்ணன் தன் கைபேசியில் அடித்தார், அதே குரல். நான் வாசலுக்கு ஓடிப்போய் வீதியைப் பார்த்தேன். யாரோ எங்கேயோ நின்று எங்களைக் கவனிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஆமிக்காரன், இரண்டு ஓட்டோ, பஸ்ஸுக்கு நிற்கிற சனம். கைபேசியோடு நின்ற ஒவ்வொருவனையும் முறைத்தேன். எல்லோரும் தங்கள் பாட்டில் நின்றார்கள்.

உள்ளே வந்து அவன் சொன்னதைச் சொன்னேன். உண்மையிலேயே சாப்பிடவில்லையா என்று கேட்டேன். அன்ரி ஓம் என்று தலையாட்டினார். பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார், ஒரு வாய்க்கு ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் என்னை நம்பவில்லை. கடைசிவரை நம்பவில்லை.

வழக்கறிஞர் அலுவலகப் பெண் முதல் பக்கத்தை மட்டும் கோர்ட்டில் கொடுத்தாளாம். கபிலனை விமானத்தில் ஏற்றவில்லை. இப்போது அங்கேயே கல்யாணம் செய்து பிள்ளைகளோடு இருக்கிறான் என்று கேள்வி. சுதனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்ரி அதற்குப் பிறகு எங்கள் கடைப்படி ஏறவில்லை. வீதியில் கண்டால் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார். யாரோ மெஷினுக்குள் புகுந்து விளையாடியிருக்கிறான் என்று சிவநாதன் அண்ணன் சொன்னார், நானும் ஓம் என்றேன். அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆனால் ஒன்று. அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தபோது அன்ரி இருமினார். நம் பக்கத்துச் சத்தம் ரிசீவருக்குள்ளும் கேட்கும் என்று சொல்வீர்கள், தெரியும், பத்து வருடம் அதே ரெலிபோனில் வேலை செய்தவள் நான், அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா. அது அப்படிக் கேட்கவில்லை. ரிசீவர் வைக்காத காதில் அந்த இருமல் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ரிசீவர்க் காதில், பக்கத்துக் கதிரையில் அவருக்குத் தோள் முட்ட இருக்கிற ஒருவனுக்குக் கேட்பது போல, மிகக் கிட்டவாகக் கேட்டது.