ஆ செங்கின் திருட்டு டாக்சி

நேற்று புக்கிட் பாத்தோக்கில் பேத்தி போனைத் தட்டி ஒரு டாக்சி வரவழைத்தாள். முன்சீட்டில் ஓட்டுநரின் காலைச் சாப்பாடு பொட்டலமாக இருந்தது. தேங்காய்ப்பால் சோறு, பாண்டான் இலை. அந்த வாசனை பட்டால் போதும், எனக்கு வயது இருபத்திரண்டாகிவிடும்.

அப்போது தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட் நான். சிராங்கூன் ரோட்டிலிருந்து தினமும் ஆ செங் என்ற சீனரின் காரில்தான் போவேன். லைசென்ஸ் கிடையாது, ஊர் அதைத் திருட்டு டாக்சி என்றது. முதலில் மலாய்க்காரர்கள் நிறைந்த கேலாங்கில் ஃபாத்திமா மக்சிக்கை ஏற்றிக்கொண்டு என்னிடம் வருவார். துறைமுக வாசலில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் அந்த மலாய் அம்மாவின் கூடை பாதி என் மடியில்தான் உட்காரும். அலுவலகத்தில் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். என் அழகுக்காக என்று வெகுநாள் நினைத்திருந்தேன், என்மேல் வீசிய மிளகாய்ச் சம்பல் வாசனைக்காகவாம்.

அறுபத்து நாலாம் வருஷம் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம் மூண்டு, ஊரடங்கு வந்தது. சில நாள் கழித்துக் காலையில் தளர்த்தினார்கள். வேலை போய்விடுமே என்று ரோட்டுக்கு வந்தேன். கார் வந்து நின்றது. உள்ளே மக்சிக் இல்லை.

"கேலாங்குக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. நீ கூட வர்றியா?" என்று எங்கள் அரைகுறை மலாயில் கேட்டார் ஆ செங்.

"இன்னிக்குப் போகாம இருந்தா என்ன?"

"அவங்க விக்கலேன்னா அவங்க அடுப்பு எரியாது லா. ஆள் ஏறலேன்னா என் அடுப்பும் எரியாது."

ஏறினேன். வீரமெல்லாம் இல்லை, மாட்டேன் என்று சொல்ல வெட்கம்.

மக்சிக்கின் கம்பம் என்ற மலாய்க் கிராமத்து முனையில் நாலைந்து மலாய் இளைஞர்கள் மறித்தார்கள். ஒருவன் கையில் கட்டை. ஆ செங்கின் பிடரியில் வியர்வை இறங்கியது. "மக்சிக்கைக் கூட்டிப்போக வந்தோம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் மக்சிக் கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"இது என் டாக்சி லா! இவன் வரலேன்னா இவ்வளவு சோத்தையும் உன் தலையிலயா கொட்டுறது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கட்டை வைத்திருந்தவனே அதைப் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கி வந்து காரில் வைத்தான்.

திரும்பும் வழியில் சீனர் கடைத்தெருவிலும் மறித்தார்கள். இப்போது மக்சிக் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆ செங் தலையை வெளியே நீட்டி ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கத்தினார். வழி விட்டார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"என் கஸ்டமர்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

அன்று துறைமுக வாசலில் தமிழரும் சீனரும் மலாய்க்காரருமாக மக்சிக்கின் முன்னால் வரிசை. நான் இரண்டு கடிதம் டைப் செய்து முடிப்பதற்குள் கூடை காலி என்று கேள்விப்பட்டேன்.

பிறகு லைசென்ஸ் இல்லாத டாக்சிகளை நிறுத்தினார்கள். சரியான காரியம்தான். கம்பமும் போய், மக்சிக்குக்கு புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஆ செங் முறைப்படி டாக்சி ஓட்டினார். ஒருநாள் தற்செயலாக அதில் ஏறினேன். இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மீட்டர் ஓடியது; கதவு ஒழுங்காக மூடியது. பின்சீட்டில் கூடை இல்லை, தாராளமாகக் காலை நீட்டலாம். எனக்குத்தான் அப்படி உட்காரத் தெரியவில்லை.