பீரோவுக்குப் பின்னால்

வீட்டை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று தெரிந்த அன்று காலை, பெரியப்பா தேக்கு பீரோவைப் பின்வாசல் கதவுக்குக் குறுக்கே நகர்த்தினார். மறுமுனையைப் பிடித்துத் தள்ளியது நான்தான். அதன் கால்கள் தரையில் வெள்ளையாகக் கோடு கிழித்தன. அவர் குனிந்து அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "யாரு இன்னா கேட்டாலும் நீ பேசாத பாப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார். பெரியம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவர். கடலை முதன்முதலில் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றதும், ஊர்ப்பக்கம் மனை வாங்காமல் கடலூரில் கடலோரத் தெருவொன்றில் இந்தப் பழைய வீட்டை வாங்கினார். கப்பல் வியாபாரி ஒருவர் எப்போதோ கட்டியது. கூடத்தில் கைக்குள் அடங்காத மரத்தூண்கள், மாடி ஜன்னல்களில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. மாலை வெயில் இறங்கினால் சுவரெல்லாம் நிறம் வழியும். அப்படிப்பட்ட வீடு ஏன் இத்தனை மலிவாகக் கிடைக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

வாங்கியபோது வீட்டுக்குப் பின்னால் தோட்டமும் கிணறும் தென்னைகளும் இருந்தனவாம். கல்லூரியில் சேர்ந்து அவர்களோடு நான் தங்க வந்தபோது ஒரே ஒரு தென்னை, வேர் வெளியே தெரியச் சாய்ந்து நின்றது. அந்த மழைக்காலத்தில் அதுவும் போனது. பின்வாசலின் கடைசிப் படி அந்தரத்தில் தொங்கியது. அதற்குக் கீழே அலை. சாப்பிட உட்கார்ந்தால் தரைக்கு அடியிலிருந்து ஒரு குத்து எழும்பி நம் எலும்பில் ஏறும். தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. போனவர்கள் கதவு நிலைகளையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். வாயைத் திறந்தபடி நின்ற அந்த வீடுகளைத் தாண்டித்தான் நான் தினமும் கல்லூரிக்குப் போய்வந்தேன்.

வந்தவர்கள் சங்கராபுரத்து இளம் தம்பதி. அவனுடைய அப்பா ஆலையில் பெரியப்பாவிடம் வேலை பார்த்தவர். அவளுக்கு ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ. அவன் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபிட்டர் ஐயா வூடுன்னா நாங்க இன்னாத்த பாக்கப் போறோம்? உங்க வார்த்தை போதுங்க" என்றான். பெரியப்பா சிரித்தார். சிரித்த முகத்தில் வியர்வை ஓடியது.

பெரியப்பா அவனை மாடிக்குக் கூட்டிப்போனார். படியேற முடியாமல் அவள் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சட்டென்று வயிற்றில் கை வைத்தாள்.

"அடியில இன்னாமோ இடிக்குதுக்கா."

அவள் கண் பீரோ மேல் போனது.

"அதுக்குப் பின்னாடி கதவு கீதே, அந்தப் பக்கம் இன்னா?"

"தோட்டம்" என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பேசாதே என்றுதான் பெரியப்பா சொல்லியிருந்தார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் முகம் தெளிந்தது. "கொழந்த வெளையாடலாம்" என்றாள்.

அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது. பெரியம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். "தோட்டம் இல்லம்மா. வா, காட்டறேன்." பக்கச் சந்து வழியாக அவளைக் கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். கிணற்றின் உறை மட்டும் அலைக்கு நடுவே தனியாக நின்றது. வீட்டின் அஸ்திவாரக் கருங்கல் பல் போல வெளியே தெரிந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த அவனும் அதைப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பெரியப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து பெரியப்பா பெரியம்மாவோடு பேசவில்லை. அவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் பின்கட்டு கடலுக்குள் சரிந்தது. தெருவில் சாமான்களோடு நாங்கள் நின்றிருக்கும்போதே கூடமும் போனது. அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணு இந்நேரம் உள்ள இருந்திருக்கும், இல்ல?" பெரியம்மா அவருக்குக் குடையைப் பிடித்தாள்.

பிறகு அவர்கள் சங்கராபுரத்தில் வாடகைக்குக் குடிபோனார்கள். நான் இப்போது கள்ளக்குறிச்சியில் வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம் எல்லாக் கதவுகளையும் திறந்து காட்டச் சொல்கிறேன். தரகர் சலித்துக்கொள்கிறார்.

அந்தத் தம்பதியை அதன்பின் ஒரே ஒருமுறை பார்த்தேன். உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் பெரியப்பாவும் நானும் நின்றிருந்தோம். அவனாகவே வந்து, "நல்லா கீறீங்களா ஐயா? அந்த வூடு இன்னா ஆச்சிங்க?" என்றான்.

"பூடுச்சிப்பா."

"வித்துட்டீங்களா? யாருங்க வாங்கினாங்க?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடல் கொண்டுபோய்விட்டது என்று பக்கத்தில் நின்ற அவன் மனைவிக்குப் புரிந்துவிட்டது. இடுப்பிலிருந்த குழந்தையை எங்களுக்கு மறுபக்கமாக மாற்றி வைத்துக்கொண்டாள். அப்போது அவள் பார்த்தது பெரியப்பாவை அல்ல, என்னை.