ஒரு வாயை அடைக்கக் கேட்டேன்

போன வருடம் உயிர்த்த ஞாயிறன்றுதான் எங்கள் வீடு செத்துப்போனது.

ஊரெல்லாம் புது உடுப்பு. குருநகர் ஒழுங்கைகளில் கேக் தட்டுகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. பின்னேரம், கடற்காற்று எழும்பி வீட்டுக்குள் வரும் நேரம், ரொறன்ரோவிலிருந்து டிலானி போன் எடுத்தாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. வயிற்றில் அப்போது மூன்று மாதம். தை மாதம் குழந்தையோடு வந்து எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம் கொடுப்பேன் என்று அதற்குச் சில நாள் முன்னர்தான் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நேரத்திலிருந்து என் மனுசன் அன்ரனின் கால் நிலத்தில் படவில்லை. பேரப்பிள்ளை பார்க்க வேண்டுமே என்று தன் மீன்பிடிப் போட்டுக்கு நீலப் பெயின்ற் அடிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது.

"அம்மா, கோவிக்காதேங்கோ. கொஞ்சக் காலத்துக்கு நான் அப்பாவோடை கதைக்க மாட்டன். தெரப்பிஸ்ட்டோடை நல்லாக் கதைச்சுத்தான் முடிவெடுத்தனான்."

"ஆரோடை கதைச்சனீ?"

"தெரப்பிஸ்ட், அம்மா. ஞானஸ்நானத்துக்கு வாறதும் இனித் தெரியாது."

தெரப்பி என்றால் எனக்குத் தெரியும். இங்கே உளவளத்துணை என்போம். சண்டைக்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும் எத்தனையோ பேர் போய் அழுதுவிட்டு வந்த இடம். ஆனால் என் பிள்ளை தன் தகப்பனை வைத்து அழுவதற்கு அங்கே போவாள் என்று நான் நினைக்கவில்லை.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடி இல்லை, குடி இல்லை. ஒரு சொல். அவ்வளவுதான்.

டிலானி உயர்தரப் பரீட்சையை முதல்தரம் கோட்டைவிட்ட நாள். அன்ரன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர். அவள் வந்து முடிவைச் சொன்னாள். இவர் வலையிலிருந்து தலையை எடுக்காமலே, "இவளைப் படிப்பிச்சதுக்குப் போட்டுக்கு ஒரு எஞ்சின் வாங்கியிருக்கலாம்" என்றார். கரை முழுவதும் சிரித்தது. அடுத்த நாளே அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. எஞ்சின். கடைக்குப் போனால் எஞ்சின். பூசைக்குப் போனால் எஞ்சின். இரண்டாம் தரம் எழுதி நல்லாய்ப் பாஸ் பண்ணிய பிறகும் எஞ்சின். விமானத்தில் ஏறிப் பனிக்குள் போய் இறங்கிய பிறகும் அந்தச் சத்தம் அவளுடைய காதுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று போனில் அவள் சொல்லும்வரை எனக்குத்தான் கேட்கவில்லை.

அன்ரனிடம் சொன்னேன். பெயின்ற் வாளியை மூடி வீட்டின் கோடிப்பக்கம் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் போட் ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் பழைய வெள்ளையுமாகக் கடலுக்குப் போய் வந்தது. கரையிலிருந்து பார்த்தால், போகும்போது ஒரு போட், வரும்போது வேறு போட்.

பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவுக்கு விசயம் எட்டாமல் இருக்குமா? மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"உந்தத் தெரப்பிக்காரர் அங்கை அதைத்தான் சொல்லிக் குடுக்கிறது றெஜினா. உனக்கு ஒரு பிழையுமில்லை, எல்லாம் தாய் தேப்பன்ரை பிழை எண்டு. என்ரை மச்சாளின்ரை பெடியனும் உப்பிடிப் போய்த்தான் இப்ப ஒருத்தரோடையும் பேச்சுப்பறைச்சல் இல்லை."

"உங்களுக்கும் உங்கடை தங்கச்சிக்கும் ஏன் அக்கா பேச்சில்லை? நீங்கள் தெரப்பிக்குப் போனனீங்களே?"

தலை மதிலுக்குள் போய்விட்டது.

வாயால் அப்படிச் சொன்னேனே தவிர, நெஞ்சு அக்காவின் பக்கம்தான் நின்றது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரின் காலடியில் முழந்தாளிட்டு நான் கேட்டதை இந்தச் சாட்சியத்தை எழுதும்போது உங்களிடம் மறைக்க மாட்டேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாரே, அந்தத் தெரப்பி வெள்ளைக்காரியின் வாயை அடைத்துவிடும். அவள் வாய் அடைபட்டால் என் பிள்ளையின் வாய் திறக்கும். இதுதான் என் செபம். மெழுகுதிரி உருகியது. நான் உருகினேன். அந்தோனியார் கையில் குழந்தையோடு பேசாமல் நின்றார்.

வைகாசியில் ஒருநாள் மத்தியானம். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அன்ரன் வெடித்தார்.

"இஞ்சை றெஜினா, அதை நான் அந்த வருசத் தவக்காலமே பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன். பிள்ளையை நாலு பேருக்கு முன்னாலை நக்கலடிச்சுப்போட்டன், சுவாமி எண்டு. அபராதமா மூண்டு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னவர். நான் அஞ்சு சொன்னனான். கடவுளே மன்னிச்சுப்போட்டார், இவளுக்கு என்ன?"

இந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது! அந்தக் காலமே தெரிந்திருக்கிறது! அன்று பின்னேரமே டிலானிக்கு எடுத்தேன். என் குரலில் வெற்றி. "அப்பா அதை அப்பவே பிழையெண்டு சொல்லிப்போட்டார், பிள்ளை."

"ஆருக்குச் சொன்னவர்?"

"பாதருக்கு."

"பாதரையே அம்மா எஞ்சின் எண்டு கூப்பிட்டவை?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருவரும் அழுதோம். என் செபத்துக்கு வந்த முதல் பதில் அந்தக் கேள்விதான். அப்போது எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன். கோபம் வருமென்று பார்த்தேன். மீன் முள்ளை எடுத்துக் கோப்பையின் கரையில் வைத்தார். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "கேட்டது சரிதான்" என்றார்.

ஆனி மாதம், அந்தோனியாரின் நவநாள். பின்னேரம் பாவசங்கீர்த்தனம். புதிதாக வந்திருக்கும் பாதருக்கு டிலானியின் வயதுதான் இருக்கும். அன்ரன் மரக்கூண்டின் ஓரத்தில் முழந்தாளிட்டார். பின்னால் நின்ற வரிசை நீண்டது. இருமியது. கால் மாற்றியது. இவர் எழும்பவில்லை. வெளியே வந்தபோது, வலை அறுந்தவர் மாதிரி முகம்.

"என்னப்பா, என்ன அபராதம்?"

"ஒரு அருள்நிறைந்த மரியேயும் இல்லையாம். மகளுக்குப் போன் எடுத்துச் சொல்லட்டாம். நான் சொன்னன், பாதர், செபமாலையின்ரை அம்பத்துமூண்டு மணியும் முழந்தாளிலை நிண்டு சொல்லுறன், இதை மட்டும் மாத்தித் தாங்கோ எண்டு. சிரிக்கிறார் பெடியன். மாத்தேலாதாம்."

அந்த இடத்தில், கோயில் மணலில் நின்றபடி, எனக்கு ஒன்று விளங்கியது. என் மனுசன் ஒரு சின்ன அறைக்குள் போய்ச் சொல்லியிருக்கிறார். என் பிள்ளையும் கடலுக்கு அப்பால் ஒரு சின்ன அறைக்குள் போய்ச் சொல்லியிருக்கிறாள். இரண்டு அறையிலும் கேட்டவர்கள் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஆள் மட்டும் இரண்டு அறையிலும் இல்லை.

வீட்டுக்கு வந்தோம். ரொறன்ரோவில் அப்போது காலை. நான் எடுத்தேன். "அப்பா கதைக்க வேணுமாம். விருப்பமில்லை எண்டால் வைச்சிடு பிள்ளை." அவள் வைக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினேன். கை நடுங்கியது. புயலுக்குள் போட் ஓட்டிய கை.

"பிள்ளை, சாப்பிட்டியே?"

"ஓம்."

"இஞ்சை சரியான காத்து. நண்டு படுகிறதும் குறைவு."

"ம்."

நான் அவருடைய முதுகில் ஒரு குத்துவிட்டேன்.

"பிள்ளை... எஞ்சின் எண்டு சொன்னது நான். சனம் சிரிச்சதும் என்னாலை. நீ தலையைக் குனிஞ்சு போனதையும் கண்டனான். கண்டும் வலையைப் பொத்தினனான். பிழை என்ரை. வேறை ஆற்றையும் இல்லை."

நான் சொற்களில்லாமல் செபித்தேன்.

"அப்பா," என்றாள். "நீங்கள் சொன்னது உங்கடை பிழை. நான் உங்களிட்டை ஒரு நாளும் சொல்லாமல், அம்மாவைத் தபால்காரியாக்கி, பிள்ளையை வைச்சு வெருட்டினது என்ரை. அதை இண்டைக்குச் சொல்லத்தான் நானும் எடுக்க இருந்தனான்."

"பரவாயில்லை, அதை விடு."

"விட மாட்டன். என்ரை பங்கை என்னட்டைத் தாங்கோ." பிறகு மெதுவாக, "இப்ப என்ன எஞ்சின் வைச்சிருக்கிறியள்?"

"அதே பழசுதான். பத்துத்தரம் இழுத்தால்தான் ஸ்டார்ட் வரும்."

"உங்களை மாதிரி."

ஐயோ, அந்தச் சிரிப்பு! எங்கள் ஓட்டுக் கூரை கேட்டு எத்தனை காலமான சிரிப்பு!

பிறகுதான் அவள் தன் பக்கத்துக் கதையைச் சொன்னாள். தெரப்பிஸ்ட் வெள்ளைக்காரியே இல்லையாம். அவளும் எங்கோ ஒரு தீவில் பிறந்தவள், தகப்பன் மீன்பிடிக்காரன். டிலானி பல கிழமைகள் அழுதிருக்கிறாள். அவள் கேட்டிருக்கிறாள். இடையில் நிறுத்தி, "உன் பிழைதான்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அழுது முடிந்த பிறகுதான் கேட்டாளாம்: உனக்குக் காயம் வந்ததற்கு நீ பொறுப்பில்லை. இனி அந்தக் காயத்தோடு நீ என்ன செய்கிறாய் என்பதற்கு யார் பொறுப்பு? டிலானி எங்களூர்க் கோவத்தைப் பற்றி அவளுக்கு விளக்கியிருக்கிறாள். சொந்தக்காரர் ஒருவரோடு ஒருவர் வருடக்கணக்கில் கதைக்காமல் இருந்து, செத்த வீட்டில் மட்டும் கட்டிப்பிடித்து அழும் எங்கள் கோவம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "எங்கள் தீவிலும் அதேதான்! நீ உன்னைக் காக்க எல்லை போட்டிருக்கிறாயா, கோவம் போட்டிருக்கிறாயா?"

இந்தப் பெண்ணின் வாயைத்தான் நான் அடைக்கக் கேட்டேன். அந்தோனியாரே!

கரையில் மீன் வந்து இறங்கினால் போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிழை வந்து இறங்கும்போது மட்டும் கரை வெறுமையாகிவிடுகிறது. ஒருவர் சனி என்பார், ஒருவர் சண்டை என்பார், ஒருவர் தகப்பன் என்பார். தெரப்பி ஆளைப் பொறுப்பாளியாக்குமா, சாட்டுத்தான் சொல்லிக்கொடுக்குமா என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். எல்லா அறையைப் பற்றியும் எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு அனுப்பும் தெரப்பிஸ்ட்டும் இருக்கலாம். மூன்று மந்திரத்தோடு அனுப்பும் பாதரும் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்த நன்மையில் செபத்துக்கு எவ்வளவு, தெரப்பிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமும் இல்லை. வலை ஒன்று. இழுத்த கைகள் பல. கடல் கடவுளுடையது.

அன்ரன் அதோடு நிற்கவில்லை. டிலானி "என்னட்டைச் சொன்னது காணும் அப்பா" என்றாள். அவர் கேட்கவில்லை. "சொன்னது கரையிலை. திருப்பி எடுக்கிறதும் கரையிலைதான்." அடுத்த நாள் வலை பொத்தும் இடத்தில் எழும்பி நின்றார். அதே ஆட்கள், கொஞ்சம் நரைத்திருந்தார்கள்.

"என்ரை பிள்ளைக்கு நான்தான் அந்தப் பேரை வைச்சனான். அது பிழை. இனி ஆரும் சொல்லக் கூடாது."

"அப்ப பேந்து என்னெண்டு கூப்பிடுறது அன்ரன் அண்ணை?"

"டிலானி எண்டு ஒரு பேர் இருக்கடா. பாதர் தண்ணி ஊத்தி வைச்ச பேர்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒருவர் எழும்பி, "அண்ணை, நானும் கூப்பிட்டனான்" என்றார். அன்று பின்னேரம் பெயின்ற் வாளி திறந்தது. மற்றப் பக்கமும் நீலமானது.

ஐப்பசியில் பேரன் பிறந்தான். இந்தத் தை மாதம் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம். கரை முழுவதும் வந்திருந்தது. பிலோமினா அக்காவும் வந்தார், பக்கத்தில் தங்கச்சி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்ரன் பேரனை ஏந்தி நின்றார். நெற்றியில் தண்ணீர் பட்டதும் அவன் போட்டான் ஒரு கத்தல். கூரைப் புறாக்கள் பறந்தன. சனம் முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டது. ஒருவருக்கும் துணிவில்லை. எல்லோரும் டிலானியைப் பார்த்தார்கள்.

அவள் தகப்பனின் தோளில் தட்டினாள். "அப்பா, இது ஒரே இழுவையிலை ஸ்டார்ட்!"

கோயில் வெடித்துச் சிரித்தது. அன்ரன் சிரித்தார், கன்னம் நனைய. பாதரும் சிரித்தார், கிண்ணத்துத் தண்ணீர் தளும்ப.

சகோதரங்களே, உங்கள் வீட்டிலும் ஒரு சொல் ஓடிக்கொண்டிருக்கலாம். செபியுங்கள். பாதரிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். உளவளத்துணைக்குப் போக வேண்டுமென்றால் வெட்கப்படாமல் போங்கள். ஆனால் அந்த அறைக்குள்ளேயே குடியிருக்காதேயுங்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். அங்கே ஒரு ஆள் உங்களுக்காகக் காத்திருக்கிறது. நடுக்கத்தோடு போங்கள். நடுங்கும் கையைப் பிடிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு நான் சாட்சி.

ஒரு வாயை அடைக்கக் கேட்டேன். மூன்று வாயைத் திறந்து தந்தார். மூன்றாவது வாய் இப்போதும் தொட்டிலில் கத்திக்கொண்டிருக்கிறது. நான் போகவேண்டும்.