பஞ்சாயத்து ரேடியோவில் நிலா

மனிதன் நிலவில் கால் வைத்த அந்தத் திங்கட்கிழமை எனக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவுக்குக் காவல்காரன், பூசாரி எல்லாம் நான்தான். மாலை ஆறு மணிக்கு அறையைத் திறந்து, செய்தி முடிந்ததும் பூட்ட வேண்டும். பெட்டிக்குள் இருந்த ஒலிபெருக்கி எப்போதோ செத்துவிட்டது. கூரைமேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் மட்டும்தான் சத்தம் வரும். நான் ஒருவன் கேட்க ஆசைப்பட்டாலும் ஊரே சேர்ந்து கேட்டாக வேண்டும்.

அந்த வருடம் ஊர் கொதித்துக் கிடந்தது. இரண்டு வருடம் முன்பே கோட்டையில் ஆட்சி மாறிவிட்டது, சாலையோரச் சுவர்களில் முழக்கங்கள் மாறிவிட்டன, வரப்பில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து ஒரு மாதமாகியும் குறுவை நடவு நடக்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்காமல் சேற்றில் இறங்க மாட்டோம் என்று தெற்குத் தெருக்காரர்கள் நின்றுவிட்டார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களுக்குக் காவலாக வந்த போலீஸ் பள்ளிக்கூடத்தில் தங்கியது.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் தெற்குத் தெருக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சங்கம் வருமுன் என்னைச் 'சின்னையா' என்பார். வந்த பிறகு 'தம்பி' ஆக்கிவிட்டார். என் அப்பாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பிடித்திருந்தது, நானும் அவரை 'அண்ணே' என்றேன். எனக்கு அப்போது ராக்கெட் பைத்தியம். ஊரில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"நெலாவுல நெலமெல்லாம் யாரு பேருல தம்பி பட்டா?" என்று ஒருநாள் கேட்டார்.

"யாரு பேருலயும் இல்லண்ணே."

"அப்ப மொதல்ல போயி எறங்குறவன் மிராசுதாராயிடுவானே!"

"அங்க தண்ணியே கெடையாதுண்ணே."

"நம்ம கடைமடைக்கு மட்டும் ஒழுங்கா வருதாக்கும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: "நம்ம புள்ளைங்க காலத்துல நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் போவானா தம்பி?"

போவான் என்று அடித்துச் சொன்னேன். அந்த வயதில் எதைக் கேட்டாலும் அடித்துத்தான் சொல்வேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் விடிந்ததும் போலீஸ் என்னை எழுப்பியது. ரேடியோ அறையைத் திறக்கச் சொல்லி, மைக்கைச் செருகித் தடையுத்தரவை வாசித்தார்கள். வாசித்து முடிப்பதற்குள் தெற்குத் தெருவைச் சுற்றி வளைத்து, கையில் கிடைத்த ஆண்களையெல்லாம் வேனில் ஏற்றினார்கள். தலைவர் மட்டும் தப்பிவிட்டார். மிராசுதாரின் வைக்கோல் போருக்குத் தீ வைத்ததாக அவர்மேல் பொய்க் கேஸ் போட்டிருந்தார்கள். அகப்பட்டால் முழு உடம்போடு திரும்ப மாட்டார் என்று தெருவில் அழுதார்கள். அவர் அந்தத் தெருவிலேயே வீடு மாற்றி வீடு ஒளிந்திருந்தது எனக்குத் தெரியும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் அந்தத் திங்கட்கிழமை என் புத்தி எங்கே போனது? முதல் பஸ் கண்டக்டர், "ராத்திரியே எறங்கிட்டாங்களாம் சார், இப்ப வெளில வந்து நடக்கப் போறாங்களாம்" என்றார். அவ்வளவுதான். ஓடிப்போய் அறையைத் திறந்தேன். சிற்றலையில் திருகித் திருகி ஆங்கில வர்ணனையைப் பிடித்தேன். இரைச்சலுக்கு நடுவே விண்கலத்தின் கதவு திறந்துவிட்டது என்று குழாய் அலறியது.

ரேடியோ அறை இருந்த பஞ்சாயத்து ஆபீஸ் மேட்டில் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் தெற்குத் தெருவும் வாய்க்கால் கரையும் முழுதாகத் தெரியும். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். மிஞ்சியிருந்த ஆண்கள் வாய்க்காலில் குதித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் குழாய் அலறினால் போலீஸ் வளைக்கிறது என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். வேறெதற்கும் அது காலையில் அலறியதே இல்லை.

கடைசி வீட்டிலிருந்து தலைவர் வெளியே வந்தார். வாய்க்கால் கரையில் மேற்கே ஓடினார். கரை வளைகிற இடத்தில் தாழம்புதர். புதருக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகை நிழலில், நடவாட்களுக்குக் காவலாக நாலு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிய வழியில்லை.

மைக் மேசைமேல்தான் கிடந்தது. செருகி, "ஒண்ணுமில்ல, இது வெறும் ரேடியோதான், வீட்டுக்குப் போங்க" என்று சொன்னால் போதும், நின்றிருப்பார். ஆனால் மைக்கைச் செருகினால் ரேடியோ நின்றுவிடும். விண்வெளி வீரர் ஏணியின் கடைசிப் படிக்கு வந்துவிட்டார் என்றது ரேடியோ.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அது பொய். அந்தக் கால் தரையில் படுவதை நான் கேட்க வேண்டியிருந்தது. மைக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம்தானே என்று நின்றேன். கால் பட்டது. இறங்கியவர் ஏதோ சொன்னார், பாதிதான் புரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சிலிர்த்தது.

ஜன்னலில் திரும்பிப் பார்த்தபோது புதருக்கு அந்தப் பக்கம் தலைவரைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்து என் தோளில் தட்டி, "நல்ல யோசனை தம்பி" என்றார். வேண்டுமென்றே குழாயைப் போட்டுத் தலைவரைக் கிளப்பிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். நான்தான் அவரைக் காட்டிக் கொடுத்தவன் என்று தெற்குத் தெருவிலும் பேசினார்கள். நிலாவுக்காக ஒருவன் காலையில் ரேடியோவைப் போடுவான் என்று யார் நம்புவார்கள்?

கேஸ் நிற்காமல் தை மாதம் அவரை விட்டார்கள். நேராக என்னிடம்தான் வந்தார். இடது காது கேட்காமல் போயிருந்தது. வலது பக்கமாக வந்து உட்காரச் சொன்னார்.

"தெருவுல என்னென்னமோ பேசுறாங்க. நான் நம்பல. நெலாவுல ஆளு எறங்குறப்ப யாருக்குத்தான் வேற நெனப்பு வரும்?"

"எனக்குத் தோணவே இல்லண்ணே" என்றேன். அதையும் நம்பி அவர் என் கையைப் பிடித்தார்.

"உள்ள இருந்ததுல ஒண்ணுமே தெரியல. நீங்க கேட்டதச் சொல்லுங்க."

சொன்னேன். கதவு, ஏணி, படி, தூசி எல்லாவற்றையும் அவருடைய நல்ல காதில் சத்தமாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில், ஏதோ கல்யாணத்தில் தான் எந்தப் பந்தியில் உட்கார்ந்தேன் என்று விசாரிப்பவரைப் போலக் கேட்டார்:

"சரியா அவன் கால வைக்கிற நேரத்துக்கு நான் எங்க ஓடிக்கிட்டு இருந்திருப்பேன் தம்பி?"

"தெரியலையேண்ணே, நான் பொட்டியையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றேன்.